ஆட்டுக்கறியும் மொரீசியஸ் சம்பந்தமும்

ஸ்தேன், பிரான்ஸ்,
05.02.2012, ஞாயிறு

அன்பும் மதிப்பும் நிறைந்த கலாவதி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் குளிரோடு சுகம். உங்கள் முழங்கால் வலி குறைய நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். இனி விஷயம். மகள் கஜந்தினி விரும்பிய மொரீசியஸ் பொடியன் கெவினின் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்.

"நடுக்கடலிலை கிடக்கிற சனம், கோயில் குளம் இருக்குதோ தெரியாது" என்று நீங்கள் போனில் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாமும் தீவுச் சனம்தான் என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் ஏமாறக்கூடாது என்று, பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த நாட்டைப் பாடமாக்கினேன். தலைநகர் போர்ட் லூயி. முன்னால் துறைமுகம், பின்னால் மலை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை, உள்ளே கரும்பு. சேகா என்றொரு ஆட்டம். ஆட்டமும் கடற்கரையும் என்றால் இறைச்சியும் குடியும்தானே என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

நேற்றுப் பொடியனின் தகப்பன் சூப்ராயனும் தாய் ஜெர்மேனும் பெண் பார்க்க வந்தார்கள். பெயர்தான் ஜெர்மேன், பட்டுச்சேலை, நெற்றி நிறையத் திருநீறு. தமிழ் ஒரு சொல் வராது. கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "உங்கள் துறைமுகம் வடமேற்கில் அல்லவா?" என்று தொடங்கினேன். அந்த அம்மா மூக்கைப் பொத்தினார். அடுப்பில் ஆட்டுக்கறி, மேசையில் நண்டு, பக்கத்தில் இரண்டு போத்தல் வைன். "மன்னிக்க வேண்டும், தைப்பூசத்துக்கு நாங்கள் பத்து நாள் விரதம். நீங்கள் எப்போது தொடங்கினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அக்கா, அங்கே தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறையாம்! அது வருகிற செவ்வாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ஐயோ, இஞ்சை பாருங்கோ, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்!" என்று கஜந்தினியின் அம்மா புனிதவதி சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நண்டோடு நான் பின்னால் ஓடினேன். மணம் போக சூப்ராயன் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். வெளியே மைனஸ் எட்டு. கடைசியில் எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு தோடம்பழம் தின்றோம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று போய்விட்டார்கள்.

யோசிக்க என்ன இருக்கிறது? அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முதல் நாங்கள் சொல்லிவிட வேண்டும். கஜந்தினி அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. அவ்வளவு ஆசாரமான வீட்டுக்கு என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். இதுதான் முடிவு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

உங்கள் தம்பி,
இராஜதுரை

பி.கு.: திங்கள் மத்தியானம். கடிதத்தை ஒட்ட முதல் ஜெர்மேன் விமான நிலையத்திலிருந்து போன் எடுத்தார். காவடிக்கு ஊர் போகிறார்களாம். "எங்கள் விரதத்துக்காகச் சட்டியோடு ஓடிய ஓட்டத்தை நினைத்து நினைத்துச் சிரிக்கிறோம். இப்படி ஒரு வீட்டை விட மனமில்லை. உங்களுக்கு..." என்று தொடங்கினார். மறுப்பைப் பிரெஞ்சில் எழுதிக் கையில் வைத்திருந்த நான், அவர் கேட்டு முடிக்க முதலே "ஓம், ஓம், சம்மதம்" என்று தமிழில் கத்திவிட்டேன். கஜந்தினி போனைப் பறித்து மொழிபெயர்த்துவிட்டு மறுபடியும் அழுகிறாள். இந்த முறை நானும் பக்கத்தில் இருந்து அழுகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கெதியாக ஒரு நல்ல நாள் பாருங்கள்.