எர்த் குழிமேல் ஒரு கல்

தானாகச் சிந்திக்கும் கட்டடம் இந்தப் பூமியில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கூசாமல் மஞ்சக்குப்பத்துக்கு வழி சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் விளக்கு, ஏசி, கதவு, லிஃப்ட் எல்லாவற்றையும் ஒரே கன்ட்ரோல் பேனல் 'ஆள்கிறது'. அதன் ஆட்சியில் மக்கள் மிதக்கிறார்கள். பெரும்பாலும் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்.

மாற்றுத் திறனாளிகள் பிரிவை மூன்றாம் மாடியில் வைத்தது எங்கள் தொலைநோக்கு. லிஃப்ட் இருக்கும்போது கீழ்த்தளத்தை வீணாக்குவானேன்? அங்கே அலுவலகத் தலைவரின் கார் நிற்கிறது.

பிச்சாவரம் பக்கம் மீன் விற்கும் தில்லையம்மாள், விபத்தில் ஒரு காலை இழந்தவர், மூன்று சக்கர ஸ்கூட்டருக்கான நேர்காணலுக்கு வந்தார். வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம். லிஃப்டில் ஏறினார். பெரிய ஏசி ஓடத் தொடங்கியது. பேனல் மயங்கியது. தில்லையம்மாள் அந்தரத்தில் நின்றார்.

'மின்தரக் குறைபாட்டு ஆய்வுக் குழு' உடனே கூடியது. செயலாளர் அடியேன்.

"ஏசி கெளம்பறப்ப வர்ற குப்பை கரென்ட் மண்ணுக்குப் போவணும் சார். எர்த் கம்பி அறுந்து கெடக்கு, அதான் பேனலுக்குள்ள பூந்துருது" என்றார் பேனல் கம்பெனிப் பொறியாளர் சுவேதா. "தொறப்பு விழாக் கல்ல எர்த் குழி மேலயே நட்டுட்டாங்க. அத நவுத்துனாத்தான் குழியத் தொறந்து கம்பிய மாட்ட முடியும்."

தலைவர் நடனசபாபதி பதறிப்போனார். "கல்லையா? அதுல இருவத்தோரு பேரு இருக்கும்மா! கல்ல வுட்டுட்டு வேற காரணம் சொல்லு."

"வேற இல்ல சார்."

கடற்காற்றுதான் குற்றவாளி என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆயினும், அறிவியலையும் அவமதிக்கக் கூடாதல்லவா? கல்லுக்குப் பக்கத்தில் புதுக் குழி தோண்டப் பரிந்துரைத்தோம்.

லிஃப்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சார், இன்னும் எம்மா நேரம்?"

"கமிட்டி நடக்குதும்மா, பொறு!"

"அதாச்சும் நடக்குதே சார்."

டீ முடிந்ததும் கதவை நெம்பி அவரை முதல் மாடியில் இறக்கினோம். ஆள் வைத்துத் தூக்கிப்போக விதியில் இடமில்லை. ஆகவே படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறி, மூச்சு வாங்க மூன்றாம் மாடி வந்து சேர்ந்தார். நேர்காணல் நடத்தியதும் தலைவர்தான்.

"படியேறியே வந்துட்டியா? அப்பறம் வண்டி எதுக்கும்மா ஒனக்கு?"

"ஏறல சார். உக்காந்து உக்காந்து வந்தேன்."

"எப்பிடியோ வந்துட்டியில்ல?"

'பிறர் உதவியின்றிப் படியேற வல்லவர்' என்று எழுதிப் பெயரை நீக்கினோம். மருத்துவர்களே கைவிட்ட காலை ஒரே நாளில் குணமாக்கிய கட்டடம் வேறெங்கே உண்டு?

மறுபடியும் உட்கார்ந்தே இறங்கிய தில்லையம்மாள், வாசலில் அந்தத் திறப்பு விழாக் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இதுக்கும் காலில்ல, எனக்கும் காலில்ல. இத ஒரு மொழம் நவுத்த மனசு வரல. என்னிய மூணு மாடி நவுத்திட்டீங்களே சார்!"

இதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை. அவர் குழு உறுப்பினர் அல்லர்.

புதுக் குழியைத் தோண்டினோம். திறப்பு விழா நடத்தினோம். குழியின் மேலேயே புதுக் கல்லும் நட்டோம். அதில் இருபத்திரண்டாவது பெயர் என்னுடையது. லிஃப்ட் நின்றால் என்ன, பெயர் நிற்கிறதே!