ஓ.டி. போட்ட மாப்பிள்ளை

இந்த வருஷம் மாமனார் கொல்லையில் மல்லாட்டை ஆயப் போவதே இல்லை என்று மாசிலாமணி சபதம் எடுத்தார்.

திண்டிவனத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியர் அவர். ஆனால் கூட்டேரிப்பட்டில் மாமனார் தாண்டவராயனுக்கு அவர் வெறும் இரண்டு கை. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் மாப்பிள்ளை கிடைத்திருக்கிறார், விடுவாரா? நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி மலையாகக் குவித்து, காயைப் பறித்துப் போட எதிரே ஒரு சாக்கை விரித்து, "உக்காருங்க மாப்ள" என்பார். போன வருஷம் அந்த மரியாதையில்தான் மாசிலாமணிக்கு இடுப்பு பிடித்தது.

கடவுள் விழுப்புரம் வழியாக வந்தார். அங்கே ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கருத்தரங்கு. நிரல்மொழிகளும் க்வாண்டம் கம்ப்யூட்டிங்கும். தலைப்பில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. தேதி முழுசாகப் பிடித்திருந்தது.

கருத்தரங்குக்குப் போவதில் மாசிலாமணி பழம் தின்று கொட்டை போட்டவர். காலையில் ஒரு கையெழுத்து. கையோடு ஒரு பை, ஒரு பேனா. டீ இடைவேளையில் நழுவல். சாயங்காலம் வந்து இன்னொரு கையெழுத்து. இரண்டாம் நாள் முடிவில் சர்டிபிகேட். அதைக் கல்லூரியில் கொடுத்தால் 'ஆன் டியூட்டி', சுருக்கமாக ஓ.டி. லீவு போகாது, சம்பளம் வரும், தூக்கமும் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் விஷயத்தை அவிழ்த்தார்.

"ரெண்டு நாளும் போவணுமாங்க?" என்றாள் வெண்ணிலா. அவளும் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர்தான். அதை மாசிலாமணி அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"பிரின்சிபால் ஆர்டர்."

"அப்பா பாவங்க. ஆளே கிடைக்கல."

"உலகமே க்வாண்டம் பின்னாடி ஓடிக்கினு இருக்குது. நான் மல்லாட்டை ஆஞ்சிக்கினு இருக்கறதா?"

"அது இன்னாங்க க்வாண்டம்?"

"ஒரே பொருள் ஒரே நேரத்துல ரெண்டு நிலையில இருக்கும். உத்துப் பாத்தாதான் எதுன்னு தெரியும். உனக்குப் புரியாது, உடு."

"நோட்டீஸ் இருந்தா குடுங்க, படிச்சாவது பாக்கறேன்."

கொடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்; மாசிலாமணிக்குத் தும்பிக்கை இல்லாததால் கையால் செய்தார். நோட்டீஸின் அடியில், பள்ளி ஆசிரியர்களும் கலந்துகொள்ளலாம் என்று இருந்தது. அவர் தேதிக்குக் கீழே படித்திருக்கவில்லை.

சனிக்கிழமை விழுப்புரத்தில் எல்லாம் திட்டப்படி நடந்தது. கையெழுத்துப் போட்டார், பை வாங்கினார், இருட்டான அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டீ இடைவேளையில் பின் கேட் வழியாக வெளியேறி, பக்கத்துத் தெருவில் இருந்த சிநேகிதன் தமிழ்மணியின் அறைக்குப் போய்ப் பாயில் விழுந்தார். அப்படியொரு தூக்கம், அவர் கல்யாணத்துக்கு முன்னால் தூங்கியது.

பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. தனக்குப் பதிலாகக் கொல்லையில் வெயிலில் கிடக்கும் மனைவியை நினைத்ததும் மனசு இளகி, போன் செய்தார்.

"வெண்ணிலா, சத்தமா பேச முடியாது. லெக்சர் போய்க்கினு இருக்குது."

"இங்கயும் சத்தமா பேச முடியாதுங்க. சுத்தி ஆளுங்க. இப்ப இன்னா சொல்லிக்கினு இருக்காரு?"

"அதான், ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கறது பத்தி."

"அப்படி இருக்க முடியுங்களா?"

"நிரூபிச்சே காட்டிட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

நாலு மணிக்கு அரங்குக்கு ஓடி வந்து மாலைக் கையெழுத்தைப் போட்டார். மேடையில் பேராசிரியர் ஒருவர் முடிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். "க்யூபிட், அதாவது க்வாண்டம் பிட், அதைக் காப்பி எடுக்க முடியாது. தெரியாம ஒருத்தர் அப்படி எழுதினா, நிரல்மொழியே அந்தத் தப்பைத் தடுக்குமான்னு ஒரு ஆசிரியை கேட்டாங்க. நாளைக்கு அதைப் பத்தி அவங்களே அரை மணி நேரம் பேசப்போறாங்க. திருமதி வெண்ணிலா மாசிலாமணி!"

அரங்கம் கைதட்டியது. மாசிலாமணியும் தட்டினார். ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகுதான் பெயர் உறைத்தது. முன் வரிசையிலிருந்து அவருடைய மனைவி எழுந்து கும்பிட்டாள்.

வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார். "நீ எப்ப வந்த?"

"உங்களுக்கு அடுத்த பஸ்லங்க. டீ குடிக்கப் போனீங்களே, இப்பதான் ஆறிச்சா?"

"லைப்ரரில குறிப்பு எடுத்துக்கினு இருந்தேன்."

வெண்ணிலா அவருடைய இடது கன்னத்தை உற்றுப் பார்த்தாள். கோரைப்பாய் கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"ஆமாங்க, தெரியுது."

மாசிலாமணி சட்டென்று பெருந்தன்மைக்குத் தாவினார். "நாளைக்கு நீ பேசறப்ப நான் முன் வரிசையில உக்காந்து கேக்கப்போறேன். எனக்குப் பெருமை இல்லையா?"

உண்மையிலேயே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"எனக்கும் ஆசைதாங்க. ஆனா அப்பா போன் பண்ணாரு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்தே ஆவணுமாம்."

"என் சர்டிபிகேட்?"

"நான் வாங்கியாறேங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்பாகிட்ட இன்னா சொன்ன?"

"நல்லா தூங்கி எழுந்தவர அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."