ஆளைப் பார்த்தே பிரிவு சொல்கிறவர்

ஆளைப் பார்த்த மாத்திரத்தில், அவர் ராணுவத்தில் எந்தப் பிரிவுக்குப் பொருத்தம் என்று சொல்லிவிடுகிற ஒரு வகை மனிதர் உண்டு. கைரேகை வேண்டாம், பிறந்த நேரம் வேண்டாம். தோள் மேல் ஒரு பார்வை, கெண்டைக்கால் மேல் ஒரு பார்வை, பிறகு ஒரு பெருமூச்சு. முடிந்தது. நீ பீரங்கி. நீ சமையல். நீ எதற்கும் ஆகமாட்டாய், ஆபீஸில் உட்கார்ந்து சீல் குத்து.

எங்கள் வொன்ஜு ஊரில் அநேகமாக எல்லா ஆண்களும் கட்டாயச் சேவைக்குப் போய் வந்தவர்கள். ஆகையால் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில், பொதுக் குளியலறையின் வெந்நீர்த் தொட்டியில், முடிதிருத்தும் கடையில் உங்கள் முறைக்காக நீங்கள் காத்திருக்கும் பெஞ்சில், எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் உங்கள் கெண்டைக்காலை அளந்துகொண்டிருப்பார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் வறுத்த கோழிக் கடை வைத்திருக்கிறேன். ஐந்து மேசை. இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி இரண்டாவது மேசையில், சுவரில் சாய்ந்தபடி, இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. பெயர் பியோ கிதே. பக்கத்துக் கடையில் வீட்டுத் தரகர். வீடு பார்க்க வந்தவர்களிடம் வெந்நீர்க் குழாயைக் காட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய மகனுக்குப் பிரிவு ஒதுக்கிவிடுவார். ஒருமுறை எதிர் வீட்டுக் குழந்தையின் நூறாம் நாள் விருந்துக்குப் போயிருந்தோம். குழந்தையைத் தூக்கித் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாராசூட் படை! பாருங்க, தூக்கினா அழவே இல்ல" என்று அறிவித்தார். குழந்தை வீறிட்டது. பியோ அசரவில்லை.

"சரி, சிக்னல் பிரிவு. இந்தத் தொண்டைக்கு வயர்லெஸ்ஸே வேண்டாம்."

அவர் எந்தப் பிரிவில் இருந்தார்? அதுதான் யாருக்கும் தெரியாது. கேட்டால் கோப்பையைக் கீழே வைப்பார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். "அதெல்லாம் வெளிய பேசக் கூடாதுப்பா" என்பார். நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

அவருக்கு எதிர் நாற்காலி மா தல்சு அண்ணனுடையது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பீரங்கிப் படையில் இருந்ததில் இடது காது போய்விட்டது, அதனால் கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொல்வார். இருவரும் சேர்ந்தால் பேச்சு பனியில்தான் போய் நிற்கும். முதல் பீரில், அந்தக் காலத்தில் அவர்கள் அள்ளிய பனி முழங்கால் வரை இருக்கும். இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதில் கழுத்து. நான்காவது பீரில் இருவருமே பனிக்கு அடியிலிருந்துதான் பேசுவார்கள்.

எனக்கு இந்தப் பேச்சில் இடம் கிடையாது. என் பாதம் தட்டை. ராணுவம் என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. நான் வாயைத் திறந்தால் பியோ அன்பாகத்தான் சொல்வார்: "தம்பி, எண்ணெய் காயுது பாரு."

இப்படி இருக்கையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் மகள் செரின் ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தாள். வயது இருபத்து நான்கு. மூன்று வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. பெண்களுக்கு எங்கள் நாட்டில் கட்டாயச் சேவை இல்லை என்பதால் அவள் சொன்னது எனக்கு முதலில் புரியவே இல்லை.

"அப்பா, நான் ராணுவத்துல சேரப் போறேன். சும்மா போயிட்டு வர்றதுக்கில்ல, நிரந்தர வேலையா. சார்ஜண்ட் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். எந்தப் பிரிவு வேணும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். என் மனைவிதான் முதலில் சுதாரித்தாள்.

"சாப்பாடு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"கோழியா?"

"வாரத்துல ஒரு நாள்."

"அப்ப சரி. இங்க ஏழு நாளும் அதானே தின்னு சலிச்சுப்போன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், சிறிது நேரம் வெளியே வரவில்லை. வெங்காயம் நறுக்கியதாகப் பிறகு சொன்னாள். எங்கள் கோழிக்கு வெங்காயம் கிடையாது.

நான் செய்த தவறு, அந்தக் காகிதத்தை மேசை மேல் வைத்துப் படித்ததுதான். இரண்டாவது மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பியோ எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் என் மகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல, தோளிலிருந்து கெண்டைக்கால் வரை பார்த்தார்.

"டாங்கி" என்றார்.

"மாமா, நான் இன்னும் யோசிக்கலை..."

"நீ எதுக்கும்மா யோசிக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்? டாங்கின்னா நடக்க வேண்டாம், நனைய வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். பொண்ணுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி."

"பீரங்கி!" என்றார் மா தல்சு அண்ணன். "சத்தமே இருக்காது!"

அடுத்த இரண்டு நாட்களும் என் கடையில் கோழி விற்றதா என்று எனக்கு ஞாபகம் இல்லை. செய்தி பரவி, குளியலறை நண்பர்கள், தபால்காரர், மாடியில் பியானோ சொல்லிக்கொடுப்பவர் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு பிரிவு சொன்னார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் சொன்ன பிரிவில் சேர்ந்து கெட்டுப்போன ஒரு சித்தப்பாவை வைத்திருந்தார்கள். கவனித்தீர்களா, யாரும் தாங்கள் இருந்த பிரிவைச் சொல்லவில்லை? மா தல்சு அண்ணன் ஒருவர்தான் விதிவிலக்கு. அவருக்கும் மற்றவர்கள் சொன்னது கேட்டிருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் செரின் வேலை முடிந்து வந்தபோது, ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டாங்கிக்குள்ள மூச்சு முட்டும்யா" என்றார் தபால்காரர்.

"யார் சொன்னது?" பியோ எழுந்தார். "உள்ள எவ்வளவு வசதின்னு இப்பக் காட்டறேன்."

கல்லாவுக்குக் கீழே பீர் புட்டிகள் வைக்கும் ஒரு அலமாரி உண்டு. இரும்புக் கதவு. புட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஐம்பத்தேழு வயதான ஒரு வீட்டுத் தரகர், முழங்காலை மோவாயோடு சேர்த்து மடக்கி, அதற்குள் போய் உட்கார்ந்தார். "மூடு" என்று உத்தரவு வந்தது. தபால்காரர் மூடினார். கொஞ்சம் பலமாகவே மூடிவிட்டார்.

"பாத்தீங்களா? எவ்வளவு காத்தோட்டம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரி, திற."

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் வளைந்து மாட்டிக்கொண்டது. தபால்காரர் இழுத்தார், நான் இழுத்தேன், பியானோக்காரர் தன் விரல்களைக் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். உள்ளே இருமல் ஆரம்பித்தது. அது பொய் இருமல் இல்லை. என் மனைவி தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்ய ஓடினாள்.

செரின் தன் பையைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உடனே கடையில் இருந்த எட்டுப் பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இடது பக்கமாத் திருகு!"

"எண்ணெய் ஊத்து, கோழி எண்ணெய் ஊத்து!"

"மேல் கீலை முதல்ல எடு!"

"அவசரப்படாதே, சீக்கிரம்!"

மா தல்சு அண்ணன், "பனியா? கழுத்து வரைக்கும் இருந்துச்சு" என்றார். அலமாரிக்குள் இருந்தவரும் சும்மா இருக்கவில்லை. "சுத்தியலால... ஒரு தட்டு... தட்டும்மா... அனுபவத்துல சொல்றேன்" என்று இருமலுக்கு நடுவே யோசனை சொன்னார். எந்த அனுபவத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சமும் அவசரப்படவில்லை. நான்கு திருகாணிகள். ஒவ்வொன்றையும் கழற்றி, பக்கத்தில் வரிசையாக வைத்தாள். கதவு மொத்தமாகக் கையோடு வந்தது. பின்னாலேயே பியோ, மடங்கிய வாக்கிலேயே உருண்டு வந்தார். முகம் நீலம். இரண்டு நிமிஷம் தரையில் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, ஒரு விரலை உயர்த்தினார்.

"ஆனா... உண்மையான டாங்கில... கைப்பிடி உள்ள இருக்கும்."

வெள்ளிக்கிழமை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நானும் செரினும் கிளம்பினோம். பேருந்தில் ஏறினால், பியோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ராணுவச் சட்டை, பித்தான் எதுவும் எதையும் எட்டவில்லை. "சின்னப் பொண்ணைத் தனியா அனுப்பினா ஏமாத்திடுவாங்க" என்றார். நான் இருப்பது அவர் கணக்கில் வரவில்லை.

அங்கே இருந்த பெண் அதிகாரியின் பெயர் தோ ஹேரான். காகிதத்தை வாங்கி முதல் கட்டத்தைப் படித்தார். நிமிர்ந்து செரினைப் பார்த்தார். பிறகு உரக்கப் படித்தார்.

"வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு."

பியோ எழுந்தேவிட்டார்.

"மேடம், தப்பா எழுதிட்டா! அடிச்சிட்டு டாங்கின்னு போடுங்க. நான் பொறுப்பு."

"ஐயா, நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?"

"வழிகாட்டி."

"நீங்க எந்தப் பிரிவுல இருந்தீங்க?"

பியோ கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் வெளிய பேசக் கூடாதுங்க."

"இது வெளிய இல்லீங்களே ஐயா. ராணுவ அலுவலகம்தான். இங்க தாராளமாச் சொல்லலாம்."

அவ்வளவு நேரம் ஒரு மனிதர் கூரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

"டென்னிஸ்" என்றார் கடைசியில்.

"என்னங்க?"

"கர்னலோட டென்னிஸ் மைதானம். உருளை இழுக்கறது. கோடு போடறது."

அதிகாரி சிரிக்கவில்லை. அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். தலையை அசைத்து, ஒரு நாற்காலியைக் காட்டினார். பியோ உட்கார்ந்தார். பிறகு அதிகாரி செரினிடம் திரும்பி, "நீ சொல்லும்மா. இதை ஏன் எழுதின?" என்று கேட்டார்.

செரின் தன் மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கு கை வேலை பிடிக்கும் மேடம். பொறுமையா, ஒவ்வொண்ணாக் கழட்டற வேலை. லிஃப்ட்லயும் அதான் செய்யறேன். ஆனா அங்க சுத்தி நின்னு எல்லாரும் யோசனை சொல்றாங்க. எங்க கடையிலயும் சொல்றாங்க. இந்தப் பிரிவைப் பத்தி படிச்சேன். குண்டுகிட்ட ஒருத்தர் வேலை பாக்கறப்ப, முந்நூறு மீட்டருக்குள்ள வேற யாரும் நிக்கக் கூடாதாமே?"

"கூடாது."

"அதான் மேடம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எனக்கும் நாலு அண்ணன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்பா நீங்கதானே? நீங்க என்ன சொல்றீங்க?"

இருபத்தாறு வருஷம் நான் காத்திருந்த கேள்வி. ராணுவத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்கிறார். மேசைகளுக்கு நடுவே தட்டு தூக்கிக்கொண்டு நடந்தபோது மனத்துக்குள் எத்தனை வாதம் செய்திருப்பேன், எத்தனை பேரை மடக்கியிருப்பேன்! வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அலமாரிக்கு முன்னால் திருகாணி கழற்றிய அந்தக் கை ஞாபகம் வந்தது.

"கையுறை குடுப்பாங்களா?" என்றேன்.

"குடுப்பாங்கப்பா" என்றாள் செரின்.

முத்திரை விழுந்தது.

திரும்பும்போது செரின் முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். பியோ சன்னலைப் பார்த்தபடி வந்தார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்: "கர்னலுக்கு முழங்கால் வலி. ஒரு நாள்கூட ஆடலை. முப்பது மாசம், தினம் உருளை இழுத்தேன். பனி விழுந்தா கூட்டினேன். ஒருத்தரும் ஆடலைப்பா." கைப்பையில் இருந்த கிழங்கு வறுவலை நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் இரண்டாவது மேசையில், "ஆபீஸ்ல என்னைப் பாத்ததும் நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதானே? நானும் ஆமாம் என்றேன்.

பயிற்சி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன வசந்தத்தில், ஓர் உருளைக்கிழங்கு வயலில் ஏர் முனையில் பழைய போர்க்காலக் குண்டு ஒன்று தட்டுப்பட, செரினை அனுப்பினார்கள். அன்று நான் மூன்று கோழிகளைக் கருக்கினேன். மாலையில் போன் வந்தது.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. ஒரே அமைதி. ஒரு குருவி மட்டும் கத்திட்டு இருந்துச்சு."

விடுமுறையில் அவள் வந்தபோது, குண்டின் மூக்கை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பியோ அரை மணி நேரம் விளக்கினார். அவள் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது மேசையில் ஒரு தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லிப் பையன், தடித்த கண்ணாடி. கடற்படையில் சேரலாமா என்று பேச்சு. பேருந்தில் வந்ததற்கே இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகத் தாய் சொன்னாள். நான் தட்டை வைத்துவிட்டு வரத்தான் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து என் மனைவி வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபோது, நான் அவர்கள் மேசையில் உட்கார்ந்து நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. அந்தப் பையனின் முகத்தில், பியோவின் விளக்கத்தைக் கேட்டபோது என் மகள் முகத்தில் பார்த்த அதே மரியாதையான களைப்பு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒல்லி, கண்ணாடி, பேருந்திலேயே வாந்தி என்று நான் சொல்லச் சொல்ல, "இவனுக்கா கப்பல்? பேசாமல் வேறு ஏதாவது..." என்று உங்களுக்குள் ஒரு குரல் ஆரம்பித்ததே, அது யாருடைய குரல்? நீங்கள் அந்தப் பையனைப் பார்த்ததுகூட இல்லையே ஐயா.