தடை அண்ணாச்சியின் தெருச் சட்டம்

செயற்கை நுண்ணறிவைக் கண்டு உலகத்தில் முதன்முதலாக நடுங்கியவர் எங்கள் தென்காசித் தெருவின் தடை அண்ணாச்சிதான். அரசாங்கங்களெல்லாம் அவருக்கு அப்புறம்தான் விழித்துக்கொண்டன.

ஐந்தருவியில் துண்டும் சோப்பும் விற்பவர். வெள்ளம் வந்து 'குளிக்கத் தடை' என்றால் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில், எந்த நாடு எதைத் தடை செய்தது என்று செல்போனில் தேடித் தேடிப் படிப்பார். மாலையில் எனக்கு வகுப்பு நடக்கும்.

"ஏட்டி, ஐரோப்பாக்காரன் வெள்ளம் வருமுன்னயே கயிறு கட்டிட்டான். வேலக்காரன் மூஞ்சியப் பாத்து மனசப் படிக்க மிஷினு ஆபீசுல கூடாதுன்னுட்டான். சீனாக்காரன், மிஷினு செஞ்சதுன்னா முத்திர குத்துங்கான். அமெரிக்காவுல மாகாணத்துக்கு ஒரு சட்டம்."

"நம்ம நாட்டுல?"

"நம்மளும் முத்திர குத்தத்தான் சொல்லியிருக்கு. எந்தத் திருடன்ட்டி முத்திர குத்திட்டுத் திருடுதான்?"

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வாயே திறக்க மாட்டார். குரலைத் திருடிவிடுவார்களாம். சவூதியிலிருக்கும் மகன் ஒருமுறை புது எண்ணில் அழைத்து, "ஹலோ, ஹலோ" என்று தொண்டை வறளக் கத்தினான். அண்ணாச்சி இருமக்கூட இல்லை. அவர் மனைவி போனைப் பிடுங்கினார்.

"பெத்த புள்ளைட்டப் பேசப் பயப்படுத மனுசன இங்கனதான் பாக்கேன்!"

கடைசியில் தெருவுக்கென்று தானே ஒரு சட்டம் போட்டார். எங்கள் தெருவில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. மானம் போகும் என்பதால் அதை யாரும் எங்கும் எழுதுவதில்லை. போனில் முதலில் அதைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பேச்சு.

நான் எம்.எஸ்ஸி. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். யூடியூபில் கணக்குப் பாடமும் நடத்துகிறேன். அப்படிப்பட்ட நான் அலுவலகத்தில், மேலாளர் காது பட, "யம்மா, ஒழுகுமூக்கி பேசுதேன்" என்றேன். வேறு வழியில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. திரையில் வரும் பெயரைப் படிக்க முடியாது. குரல்தான் அவளுக்கு நான்.

போன சாரல் பருவத்தில் அம்மாவுக்கு அந்த அழைப்பு வந்தது. என் குரல். என் அழுகை.

"அம்மா, எனக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. ஆட்டோ அனுப்பியிருக்கேன். நகையெல்லாம் எடுத்துட்டு ஏறி வாம்மா."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, நகைப்பெட்டியோடு வெறுங்காலில் ஆட்டோவைத் தேடி ஓடினாள் அம்மா. அன்றும் அருவியில் தடை; அண்ணாச்சி தெருவில்தான் இருந்தார். குறுக்கே வந்து நின்றார்.

"தங்கச்சி, பட்டப்பேரு கேட்டியா?"

"எம்புள்ள சாகக் கெடக்கா! இப்பப் போயி பட்டப்பேரா?"

"கேளு தாயி. அழுதுக்கிட்டே கேளு."

கேட்டாள். "சீக்கிரம் வாம்மா" என்றது என் குரல். மறுபடி கேட்டாள். அழைப்பு துண்டாகிவிட்டது.

இருவரும் நனைந்துகொண்டே என் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். அம்மா என் முகத்தை, கையை, காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். நடந்ததை அண்ணாச்சி சொன்னார். நான் அழாத அழுகையை என் அம்மா கேட்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு மிஷினு அந்தப் பேரையும் கண்டுபிடிச்சிட்டா?" என்று கேட்டேன்.

எதற்கும் ஏதாவது ஒரு நாட்டைச் சொல்கிறவர், நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ போயி வேலையப் பாரு. நான் இங்கன நிக்கேன்."

எந்தச் சட்டம் எங்களைக் காக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. அன்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும்போதெல்லாம், சாரலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.