ஜெர்மன்காரரின் ஊர்

இலங்கையில், பதுளை மண்ணில் பிறந்த ஒரே ஜெர்மன்காரர் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், என் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கும் வேலை. பண்டாரவளை ஸ்டேஷனைத் தாண்டி ரயிலில் போனதில்லை.

ஆலைக்குப் புது இயந்திரம் பூட்ட வந்த ஒரு ஜெர்மன் துரை, பிளேன்டீ குடித்துக்கொண்டே இவரிடம் தன் கதையைச் சொன்னாராம். அவர் பிறந்தது ஒரு கிராமம். பக்கத்து நகரம் பெருத்துப் பெருத்து வந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாம்.

"கிராமத்தானாப் படுத்தவரு, டவுன்காரரா முழிச்சிருக்காரு தம்பி! ஒரு அடி நகரல!" என்று என்னிடம் வியந்தார் பக்கத்து வீட்டுக்காரர்.

அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தால் ஜெர்மனிதான். பெயரும் ஜெர்மன்காரர் என்றே ஆகிவிட்டது.

நாங்கள் சிரித்தோம். ஆனால் பாருங்கள், பதுளையும் பெருத்தது. ஒருநாள் நகரசபை ஆட்கள் டவுன் எல்லைப் பலகையைப் பிடுங்கி, எங்கள் லயத்தையும் தாண்டி மேலே கொண்டுபோய் நட்டுவிட்டார்கள்!

பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஆலை வேலைக்கும் டவுன்காரர் மாதிரி காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு போனார். யாராவது "டவுனுக்குப் போறேன்" என்றால் வழிமறித்து, "இப்ப எங்க நிக்கிற?" என்பார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மனைவி சண்டை போட்டால், "டவுன்ல கத்தாதடி" என்று ஓடுவார்.

"டவுனு வந்துச்சு, சரி. பீலியில தண்ணி வந்துச்சா?" என்று அந்த அம்மா கேட்பார்.

இந்தக் கூத்துக்குள் ஒரு பயம் இருந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் எங்களையெல்லாம் நாடற்றவர்களாக்கியிருந்த காலம் அது. பிரஜாவுரிமை கேட்டு அவர் மனு போட்டிருந்தார்; விசாரணையில் அதைத் தள்ளிவிட்டால், என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

"தோட்டத்தானைத்தானே அனுப்புவான்? டவுன்காரனை எப்புடி அனுப்புவான்?" என்பார். அதை மனதார நம்பினார், பாவம்.

விசாரணைக்குத் துணையாக நானும் போனேன். இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு, வழி முழுக்க "பதுளை டவுனுங்க, பதுளை டவுனுங்க" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

அங்கே மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். நிமிராமலே கேட்டார்: "உங்கட ஊர் எது?"

தோட்டத்தில் ஊர் என்றால் ஒன்றே ஒன்றுதான். தாத்தன் கப்பலேறி வந்த இந்திய ஊர். நேற்றுப் பேசப் பழகிய பிள்ளையும் அதைத்தான் சொல்லும்.

"முசிறிப் பக்கங்க" என்றது அவர் வாய்.

ஐயா அதை இங்கிலீஷில் சொல்ல, அதிகாரி தலையாட்டினார்.

"ஐயோ சாமி, அது ஊருங்க! நான் அதைக் கண்ணால பாத்ததே இல்லைங்க! நான் இருக்கிறது டவுனு!"

"ஊரும் டவுனும் ஒண்டுதானே. அடுத்த ஆள் வரலாம்" என்றார் ஐயா.

அவ்வளவுதான். சொந்த ஊர் இந்தியாவில் என்று எழுதி, மனு தள்ளுபடி. பாழாய்ப்போன நாக்கு, அந்த ஒரு நிமிஷம் சும்மா கிடந்திருக்கக் கூடாதா!

திரும்பி வந்தவர், வீட்டுக்குள் போகாமல் எல்லைப் பலகை வரை நடந்தார். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, அந்த ஜெர்மன் துரைகிட்ட ஒருத்தனுமே ஊர் எதுன்னு கேக்கலியா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

சில வருடங்களில், அந்தப் பலகைக்கு உள்ளேயே, எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமல் செத்துப்போனார். சப்பாத்தோடுதான் புதைத்தோம்.

இப்போதும் யாராவது என்னிடம் ஊர் எது என்று கேட்டால், நான் முசிறி என்றோ திருச்சி என்றோ சொல்வதில்லை.

"பதுளை டவுனுங்க. ஜெர்மன்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீடு."