என்னைப் பார்த்துக் கத்திய கருவி

என்றும் என் பேச்சைத் தட்டாத மைத்துனருக்கு,

அத்தான் அன்புடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் நலம் எப்படி என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அப்படியே இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு.

முதலில் பெருமையான செய்தி. உன் அக்கா மகள் ஜெயித்துவிட்டாள்! கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாளே, அதைத் தீயணைப்புத் துறைக்காரர்கள் நேற்று சோதித்துப் பார்த்து, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் இருந்த பழைய கருவியைத் தூக்கவே ஓர் ஆள் வேண்டும். இவளுடையது சோப்புப் பெட்டி அளவு. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஒரு மாதம் ஓடும். தடித்த கையுறையோடு அழுத்துவதற்கென்றே பெரிய பட்டன். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதற்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மகளின் கருவிச் சோதனை முடியும்வரை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று திங்கட்கிழமை உன்னோடு ரகசியமாக இதய ஸ்கேனுக்கு வந்தேனே, அங்கே ஊசி போட்ட நர்ஸ், "இந்த மருந்துல கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு, ரெண்டு நாள்ல போயிடும், குழந்தைங்ககிட்ட மட்டும் நெருங்காதீங்க"ன்னு சொன்னாங்க இல்லையா? நம்ம வீட்டில் ஏது குழந்தை என்று தைரியமாகக் காலெடுத்து வைக்கிறேன், சாப்பாட்டு மேசையில் இருந்த கருவி வீல் என்று கத்துகிறது! மகள் பேட்டரியை மாற்றினாள், கழற்றி மாட்டினாள். நான் அடுத்த அறைக்குப் போனால் அமைதி, தண்ணீர் குடிக்க வந்தால் அலறல். காரணம் இதுதான் என்று சமையல் மேடைக் கல்லைக் காட்டினேன், சுவரைக் காட்டினேன், எதிர்வீட்டுக்காரரின் புது டிவியைக்கூடக் காட்டிக்கொடுத்தேன். உன் அக்கா வேற, "முப்பது வருஷமா உங்களைப் பார்த்துக் கத்தறேன், இப்பத்தான் எனக்குத் துணைக்கு ஒரு மெஷின் வந்திருக்கு"ன்னு சிரிக்கிறா. மகள் சிரிக்கலை. "இது தேறாதுப்பா. புதன்கிழமை வரவேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்"னு என்னையே பார்த்தா. எனக்கு ஸ்கேன்ல தெரியாத அடைப்பெல்லாம் நெஞ்சுல வந்துடுச்சு. உண்மையைச் சொன்னா வேலையை விட்டுட்டு என்னை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. சொல்லலைன்னா ரெண்டு வருஷ உழைப்பு வீண். "ஒருநாள் பொறும்மா"ன்னு சொல்லிட்டு, செவ்வாய்க்கிழமை முழுக்க மொட்டைமாடியில தண்ணித் தொட்டி நிழல்ல உக்காந்துட்டேன், செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னு பேரு. இருக்கறதே ரெண்டு செடி; ரெண்டும் அழுகிப்போச்சு. கருவி ஒரு சத்தம் போடலை. எப்படி நம்ம சாமர்த்தியம்?

உன் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், இந்த வாரம் தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
பெருமை தாங்காத அத்தான்

பி.கு.: இதை மடிக்கும்போது மகள் வந்து தன் சோதனை நோட்டையும் என் மூக்குக்கண்ணாடியையும் முன்னால் வைத்தாள். கருவி கத்துவதோடு, எந்தப் பொருள் என்று திரையில் எழுதியும் காட்டுமாம். கண்ணாடி போடாத நான் எங்கே கண்டேன்? முதல் பக்கத்தில் இருக்கிறது: "திங்கள் மாலை. கண்டுபிடித்தது: இதய ஸ்கேன் மருந்து. இருந்த இடம்: அப்பா." தேறாது என்று சொன்னது என் வாயைத் திறக்கவைக்கத்தானாம். நான் மாடியில் காய்ந்த நேரத்தில் என் ஸ்கேன் சீட்டைத் தேடி எடுத்து, டாக்டரையே பார்த்து, மாத்திரை போதும் என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டாள். "இது வேலை செய்யுதுன்னு முதல்ல காட்டினது நீங்கதான்ப்பா" என்றாள். அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. நீ கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். உன் அக்கா படித்துவிட்டாள். தபாலிலும் வராது. அவளே நேரில் கொண்டுவந்து தருகிறாள்.