டாக் ஹெர்மியின் மூளைத் தொப்பி

ஊரே கூடைப்பந்துத் திடலில் திரண்டிருந்தது. ஆட்டம் எதுவும் இல்லை. டாக் ஹெர்மி வந்திருந்தார். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். தொப்பியை மாட்டினால் மூளைக்குள் மின்சாரம் பாயும், எத்தனை வருட வலியும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடும் என்று ஒலிபெருக்கி அலறியது. எங்கே படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாரே, போதாதா?

தொப்பியின் மகிமையே மதிப்பெண்தான். விளக்குகள் மினுக்கும், எக்காளம் முழங்கும், மூளை எவ்வளவு குணமானது என்று திரையில் எண் வரும். வீட்டுக்கு வீடு கரோக்கி வைத்து, மதிப்பெண்ணுக்காகவே தொண்டை கிழியப் பாடும் ஊர் அது. கழுதையாய்க் கத்தினாலும் தொண்ணூறு போடும் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே எண் தலைக்கு வந்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். காசு போட வைத்த ஐஸ்கிரீம் டப்பா நிரம்பி வழிந்தது.

ஊராருக்குத் துணி தேய்த்துக் கொடுக்கும் ஆலிங் சியோனி தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை தீராத வலி அவளுக்கு. லுசேனா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமேல் காந்தக் கருவி வைத்து, மூளையைத் தூண்டி வலிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். மகள் மாரிவிக் மாதக்கணக்கில் அலைந்து அங்கே முறை வாங்கியிருந்தாள். நாளைக் காலையில் போக வேண்டும்.

"நான் வரலடி. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் 'வலி கேக்கலாம், கேக்காமலும் போகலாம்'னு இழுக்கறாரு. டாக் ஹெர்மி அடிச்சுச் சொல்றாரு! வலி மாத்திரையைக்கூட நிறுத்தச் சொல்லிட்டாரு."

"நிறுத்திட்டியா?" மாரிவிக் அடுக்களையில் கிடந்த உரித்த தேங்காயைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு நடந்தாள். சியோனி பின்னாலேயே ஓடினாள்.

"டாக், உங்க தொப்பி தப்பாச் சொல்லுமா?"

"தப்பா? உள்ளே இருக்கறதை அப்படியே சொல்லும்மா!"

"அப்போ சரி." தேங்காயை நாற்காலியில் வைத்தாள். தொப்பியைக் கவிழ்த்தாள். அவர் பாய்ந்து வருவதற்குள் பொத்தானை அமுக்கினாள்.

விளக்குகள் மினுக்கின. எக்காளம் முழங்கியது. தொண்ணூற்றெட்டு!

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "ஆலிங் சியோனி, தேங்கா உங்களை ஜெயிச்சிருச்சு!"

"மிஷின் சூடாயிருச்சு, அதான்..." டாக் ஹெர்மியின் கை டப்பாவை நோக்கி நீண்டது. அதற்குள் நாலு பேர் அவரையும் டப்பாவையும் பிடித்துக்கொண்டார்கள். தொப்பியைப் பிரித்தால், உள்ளே பழைய கரோக்கிப் பெட்டியின் மதிப்பெண் பலகை. தலைக்குப் போக ஒரு கம்பிகூட இல்லை.

சியோனிக்கு அவமானத்தில் கண் கலங்கியது. "வலி நெஜமாவே கொறைஞ்சுதேடி."

"இஸ்திரிப் பெட்டியைத் தொடாம பாதி நாள் வரிசையில உக்காந்திருந்தியே, கொறையாதா? நீ பொய் சொல்லலம்மா. அவன்தான் சொன்னான்."

மறுநாள் காலை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப்னி வண்டியில் ஏறிய சியோனி கேட்டாள்: "அங்க எவ்ளோ மார்க் போடுவாங்க?"

"போட மாட்டாங்க. வலி கொறைஞ்சுதான்னு உன்னைக் கேப்பாங்க. கொறையலன்னா கொறையலன்னு சொல்லு."

மதிப்பெண் தேங்காய்க்கும் கிடைத்துவிடுகிறது. சந்தேகம் வருவதற்குத்தான் உள்ளே மூளை வேண்டியிருக்கிறது.